பழைய கார்டுக்காக ஒரு மணி நேரம்

ஜூன் 4, 2009. வியாழன்.
மேற்கிலிருந்து கச்சான் காற்று. காயப்போட்ட கருவாடெல்லாம் மணல். மகன் பிரிட்டோ துபாயிலிருந்து கூட்டாளி மூலம் கொடுத்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. முகம் காட்டுகிற கேமரா ஒன்று. ஒரு முழ வயரில் கட்டைவிரல் அளவு சாமான் ஒன்று. அதுதான் காற்றிலேயே நெட்டைப் பிடிக்கிற கார்டாம்.

என் வீட்டுக்காரி புஷ்பத்துக்கு வாதம் வந்து மூன்று மாதம். வலது பக்கம் விழுந்துவிட்டது. ஒரு வார்த்தை வெளியே வருவதற்குள் நான் வெற்றிலை மடித்து மென்று துப்பிவிடலாம். போனில் மகன் "அம்மா, அம்மா" என்பான். இவள் வாய் திறப்பதற்குள் வைத்துவிடுவான். அவனுக்கு லீவு கிடையாது, பாஸ்போர்ட் கம்பெனியிடம். அவன் முகத்தை ஒரு தரம் பார்க்கணும், அவ்வளவுதான் அவள் கேட்பது. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது அவளுக்குத் தெரியாது.

ஜூன் 6, சனி.
எதிர்த்த பிரவுசிங் கடை முனியசாமி வந்து பார்த்தார். கடலாடி ஊர்ப் பக்கத்து ஆள், கடலில் கால் நனைக்கப் பயம். உப்புக் காற்றில் வயர் முனையெல்லாம் பச்சை பிடித்து, கடையில் எல்லாவற்றையும் வயர்லெஸ் ஆக்கிவிட்டார். அவருடைய நெட்டைத்தான் எங்களுக்குத் தருவதாகப் பேச்சு.

"அண்ணே, இது பழைய 'பி' கார்டு. என் ரூட்டரு 'ஜி'."
"ரெண்டுக்கும் ஆகாதோ?"
"ஒரே அலையிலதான் பேசுது. பழசு பேசுறது புதுசுக்குப் புரியும். புதுசு தன் வேகத்துல பேசுனா பழசுக்கு வெறும் இரைச்சல். அதான் 'ஜி' மட்டும்னு வச்சிருக்கேன்."
"சேத்து வைக்க முடியாதா?"
"முடியும். ஆனா பழசுக்குக் கதவத் தொறந்து வச்சாலே, புதுசெல்லாம் ஒவ்வொரு வாட்டியும் அதுக்கு விளங்குற மாதிரி, 'நான் பேசப் போறேன், சும்மா இரு'ன்னு நிதானமாச் சொல்லிட்டுத்தான் பேசணும். கடை மொத்தமும் இழுக்கும்ணே. மிசினுக்கு மிசின் சண்ட கேமு விளையாட வர்றவய்ங்க என்னைய வைவாய்ங்க."

கட்டிலில் புஷ்பம் "நா... நா..." என்றாள். நானும் அவரும் பேச்சை நிறுத்திக் காத்திருந்தோம். "நா... ளைக்கு."

ஞாயிறு நாலிலிருந்து ஐந்து வரைதான் பிரிட்டோவுக்கு ஒழிவு என்றேன். முனியசாமி எழுந்தார். "நாளைக்கு நாலு மணிக்கு ஒரு மணி நேரம் சேத்து வைக்கிறேன். பயலுக வையட்டும்."

ஜூன் 7, ஞாயிறு.
பூசை முடிந்ததும் வேலை. இந்தக் கரையில் உப்பு எதையும் விடாது. வள்ளத்தில் நான் கொண்டுபோன டிரான்சிஸ்டர் பன்னிரண்டு வருசம் பாடியது, பிஸ்கட் டப்பாவுக்குள் கிடந்ததால். (அதில் பாட்டு கேட்டுக்கொண்டே ஒரு தடவை திசை மாறி முயல்தீவுப் பக்கம் போய்விட்டேன். அது வேறு கதை.) அதே டப்பா. மூடியில் ஆணியால் ஓட்டை, வயரை விட்டு, கார்டைத் துணியில் சுற்றி உள்ளே வைத்து இறுக்கி மூடினேன். ஜன்னலில் வைத்தேன்.

புஷ்பத்துக்கு ரோஸ் சேலை. பவுடர்.

நாலு மணி. தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து முனியசாமி: "சேத்து வச்சுட்டேன்ணே! தெரியுதா?"
"ஒண்ணும் தெரியலயே தம்பி!"
கடைக்குள் எவனோ: "ஏலே, என்னலே ஆமையா போகுது!"

ஐந்து ஆனது. பிரிட்டோவுக்கு டூட்டி நேரம். அவள் அழவில்லை. "சே... லை" என்றாள். அவிழ்த்து மடித்து வைத்தேன்.

ஜூன் 8, திங்கள்.
முனியசாமி வந்து டப்பாவைத் திறந்தார். என்னைப் பார்த்தார்.
"இதுக்குள்ளயா வச்சிய?"
"உப்பு தின்னுருமேன்னு..."
"தகரத்தத் தாண்டி அலை எப்படிண்ணே வரும்?"
"டிரான்சிஸ்டரு பாடுச்சே."
"பாடும்போது வெளிய எடுப்பீகளா, மாட்டீகளா?"
எடுப்பேன்தான். ஒரு ஞாயிறு போனது என் கையால். அவளிடம் இருப்பதே எத்தனை ஞாயிறோ.

ஜூன் 11, வியாழன்.
புஷ்பத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கஞ்சித் தண்ணி மட்டும். தைலம், பஞ்சு, குளுக்கோஸ் வாங்கணும். டப்பாவை அவள் கண்ணில் படாமல் பரணில் போட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு.
கார்டு வெறுமனே ஜன்னல் கம்பியில். நாலு மணிக்கு சிக்னல் பச்சைக் கோடு மூன்று எழுந்தது. பிரிட்டோ முகம். கறுத்துவிட்டான். கம்பெனிச் சட்டை.

"அம்மா, தெரியுதா? நல்லா இருக்கேன்மா. அய்யா, அம்மா ஏன் இப்படி மெலிஞ்சிருக்கு? சாப்புடுதா? அம்மா, ஏதாச்சும் பேசும்மா."

அவள் வாய் குவிந்தது. நான் கையைக் காட்டினேன், பொறுடா என்று.
"அய்யா, வண்டி வந்துருச்சு, ஆரன் அடிக்கிறாய்ங்க. அடுத்த வாரம் வாரேன்மா."
முகம் போய்விட்டது.

அவள் நிறுத்தவில்லை. இருட்டான கண்ணாடியைப் பார்த்தே சொல்லி முடித்தாள். "பொ... த்தான்."
அவன் சட்டையில் கழுத்துப் பொத்தான் இல்லை. நான் கவனிக்கவேயில்லை.

ஜூன் 17, புதன்.
விடியும்போது போய்விட்டாள். மாலை அடக்கம். பிரிட்டோவைக் கம்பெனி விடவில்லை. போனில் அழுகை மட்டும். "ஒங்கம்மா பொத்தான் தச்சுக்கச் சொன்னாடா" என்றேன்.

ஜூன் 21, ஞாயிறு.
காற்று விழுந்துவிட்டது. நாலு மணிக்குக் கடையில் விளையாடுகிற பையன்கள் சத்தம். "அண்ணே, இன்னைக்கும் இழுக்குதுண்ணே!" போய் நின்றேன். முனியசாமி அன்றைக்குச் சேர்த்து வைத்ததை மாற்றவே இல்லை.

"மாத்திரு தம்பி. வேகமாவே போகட்டும்."
"இருக்கட்டும்ணே. பிரிட்டோ பேசுவானுல்ல."
"நான் போன்ல பேசிக்கிறேன். எனக்கு வாய் நல்லாத்தான் இருக்கு."

தலையைக் குனிந்துகொண்டு மாற்றினார். பையன்கள் கைதட்டினார்கள், அவர்களுக்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்து கார்டைக் கழற்றினேன். அதற்குள்ளாகவே ஓரத்தில் உப்புப் பூத்திருந்தது. துடைத்து, துணியில் சுற்றி, பரணிலிருந்து எடுத்த அதே டப்பாவில் வைத்து மூடினேன்.