மாமா கொண்டுவந்த ஒரு லாரி சேறு

அன்புள்ள சுண்டெலிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான், அப்பா, அப்பாவின் முழங்கால் வலி எல்லோரும் சௌக்கியம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன், அதைவிடப் பெரிய சேதி, என் தொட்டி பிழைத்துவிட்டது! இன்று சோதனைக் குழாயில் பார்த்தால் அமோனியா பாதியாக இறங்கியிருக்கிறது, நம்பாமல் மறுபடி பார்த்தேன், அதேதான்! உனக்குச் சொல்லாமல் இருப்புக் கொள்ளவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காதே. எங்கள் கழிவுநீர் நிலையத்தைப் பார்க்கப் பெரிய அதிகாரி வருகிறார் என்று, நான் லீவில் இருந்த அன்று எங்கள் ஆட்கள் வரிந்து கட்டிக்கொண்டு சுத்தம் செய்திருக்கிறார்கள். சுவரைத் தேய்த்து, தரையைக் கழுவி, அதோடு விட்டார்களா, நாற்றம் வரக்கூடாதென்று பிளீச்சிங் பவுடரை மூட்டையோடு தொட்டியிலேயே கொட்டிவிட்டார்கள். ஊர் அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும் பாக்டீரியா முழுவதும் அந்தப் பழுப்புச் சேற்றில்தான் குடியிருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும், அதிகாரி என்றதும் மறந்துபோயிற்று. அவரும் 'ஆஸ்பத்திரி மாதிரி பளிச்சுனு வச்சிருக்கீங்களே' என்று பாராட்டிவிட்டுப் போனார். மறுநாள் பாக்டீரியா எல்லாம் செத்து, தண்ணீர் கலங்கி, அமோனியா நெடி மூக்கைத் துளைத்தது. அப்படியே ஆற்றில் விட்டால் மீனெல்லாம் செத்து மிதக்கும், அடைத்து வைத்தால் ஊரிலுள்ள கழிவறையெல்லாம் பொங்கி வழியும்.

மற்ற அழுக்கைத் தின்பவை பரவாயில்லை, அரை மணியில் ஒன்று இரண்டாகிவிடும், அமோனியாவைத் தின்னும் கூட்டம்தான் சோம்பேறி, அதற்கு ஒரு நாள்கூட ஆகும். பாலுக்கு உறை ஊற்றுவது போல உயிருள்ள சேறு கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அது கிடைக்கும் ஒரே இடம் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் நிலையம், அங்கே பொறுப்பாளர் யார், உன் மாமா! நீ படிக்கக் கிளம்பிய அன்று அவர் 'ஒரே பொண்ணை இவ்வளவு தூரம் அனுப்புறியே, உனக்கென்ன கல்நெஞ்சா' என்று கேட்க, நான் 'இனி இந்த வாசப்படி மிதிக்காதே' என்று சொல்ல, அதிலிருந்து எங்களுக்குள் பேச்சே கிடையாதே. போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்பாதான் 'உன் ரோஷத்துக்கு மீன் சாகணுமா' என்றார். கூப்பிட்டு, 'அண்ணா, சேறு வேணும்' என்றேன், அவ்வளவுதான். அவரும் 'எவ்வளவு' என்று மட்டும் கேட்டார்.

லாரியை மட்டும் அனுப்புவார் என்று பார்த்தால், டிரைவர் பக்கத்தில் தானே உட்கார்ந்து வந்து இறங்குகிறார்! அதிலிருந்து தினமும் வந்தார், தொட்டியோரம் டீயோடு நின்று பாக்டீரியாவைப் பற்றி மட்டும் பேசினோம். அதன் மரபணு நம்முடையது போல உட்கருவுக்குள் பத்திரமாக இருக்காது, செல்லுக்குள் சும்மா சுருண்டு கிடக்கும், பிழைக்க ஒரு வழி கிடைத்தால் அதில் ஒரு துண்டைப் பக்கத்தில் இருப்பதற்கும் நீட்டிவிடும், சொந்தமா அந்நியமா என்று கேட்காது. ஆதியில் ஒரு செல் விழுங்கிய பாக்டீரியா செரிக்காமல் உள்ளேயே குடித்தனம் போட்டுவிட்டதாம், அதன் வம்சம்தான் இன்றைக்கும் நம் செல்களுக்குள் இருந்து நமக்குத் தெம்பு தருகிறது, என்ன அதிசயம் பார்! 'அதுங்களுக்கு ரோஷம் கிடையாது, அதான் முந்நூறு கோடி வருஷத்துக்கு மேல தாக்குப்பிடிக்குது' என்றார் மாமா. நான் அவர் முகத்தைப் பார்க்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று குழாயைக் காட்டியதும் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினார். உடனே முகம் வாடிவிட்டது, 'அப்ப இனிமே சேறு வேணாம்ல' என்றார். 'சேறு வேணாம், நீ வா அண்ணா, வீட்டுக்கு வா' என்றேன். தலையாட்டிவிட்டு லாரியில் ஏறியவர், ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்து, 'அவளை என்கூட ஒரு தடவை பேசச் சொல்லு, நானா கூப்பிட்டா அழுதுடுவேன்' என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததை முடித்து, மனம் நிறைந்து வாழ வேண்டும் என் தங்கமே. இதைப் படித்து முடித்ததும் மாமாவைக் கூப்பிடு, என்னோடு அப்புறம் பேசலாம். அவர் அழுதால் நீயும் அழுதுவிடு, வெட்கப்படாதே.

என்றும் உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா