பரிசுக்கு வைத்த பூசணி

பதுளை ஆஸ்பத்திரி
10.12.1973

அன்புள்ள மாரியாயிக்கு,

அழகர் எழுதுவது. கால் கட்டு இன்னும் பிரிக்கவில்லை, வலி குறைந்திருக்கிறது. நீயும் மகள் பெரியாயியும் சுகந்தானே?

இங்கே படுத்திருந்தாலும் நினைப்பெல்லாம் நம் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் காய்த்திருக்கும் மஞ்சள் பூசணிமேல்தான். ஈரம் படாமல் அடியில் புல் வை. தோட்டத்துப் பொங்கல் கண்காட்சியில் முதல் பரிசு அதற்குத்தான். காலைப் பெரட்டில் ஆள் பிரிக்கும்போது வேலைக்கு மட்டுமே கூப்பிட்ட என் பேரை, பெரிய தொரை ஒரு நாளாவது பரிசுக்குக் கூப்பிடட்டும். யார் கேட்டாலும் ஒரு கீற்றுக்கூட வெட்டாதே.

உன்
அழகர்

மடுல்சீமை
20.12.1973

பெரியாயி அப்பாவுக்கு வணக்கம்.

மேலே படிக்குமுன் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்ளுங்கள். பூசணியை வெட்டிவிட்டேன்.

பொழுது சாய்ந்தால் பிள்ளைக்குக் கண் தெரியவில்லை. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் தடுக்கி விழுந்தாள். தோட்டத்து டாக்டரையா மருந்து கொடுத்துவிட்டு, "இது மாலைக்கண்ணு. ரொட்டியும் சம்பலுமே குடுத்தா இப்படித்தான். கீரை, மஞ்சக் காய், பழம்னு தெனமும் குடு. இல்லாட்டி பார்வையே போயிரும்" என்றார்.

தினமும் என்று சொல்வது லேசு. நம் பாத்திக் கீரை மழையில் அழுகிவிட்டது. கடையில் கேரட் வாங்கினால் அன்றைக்கு மாவு வாங்க முடியாது. கத்தியை எடுத்தேன்.

வெட்டிய காய் நாள் தாங்காது. லயத்தில் வீட்டுக்கொரு கீற்று கொடுத்தேன். "சும்மா இல்ல. ஒங்க வீட்டுல கீரை பறிச்சாலும் பழம் பழுத்தாலும் எம் பிள்ளைக்கு ஒரு பிடி வரணும்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். நேற்று இராக்கம்மா அக்கா வீட்டுப் பொன்னாங்கண்ணி வந்தது. இன்று பொன்னையா அண்ணன் வீட்டுப் பப்பாளி.

மகராசி முதலில் துப்பினாள். உங்கள் மகள்தானே, பிடிவாதத்துக்குக் குறைச்சலா? அப்பா நட்ட பூசணி என்றதும் விழுங்கினாள்.

கோபம் வரும், தெரியும். ஏசிக்கொள்ளுங்கள். நான் வருந்தவில்லை.

மாரியாயி

பதுளை ஆஸ்பத்திரி
8.1.1974

மாரியாயிக்கு,

எழுதினால் ஏசிவிடுவேன் என்றுதான் இத்தனை நாள் எழுதவில்லை. பக்கத்துக் கட்டிலில் பசார் கடைக்கார ஜுனைதீன் நானா, "ஏன் அழகர், மொகம் வாடியே கெடக்கு?" என்றார். பூசணி என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "புள்ளைக்குக் கண் தெரியுதா இப்ப?" என்று மட்டும் கேட்டார்.

உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன், அதில் அது இல்லை. பரிசு கிடக்கட்டும், அதை எழுது. பதினெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்கள்.

அழகர்

மடுல்சீமை
15.1.1974

பெரியாயி அப்பாவுக்கு,

பரிசு, மேல் லயத்து முட்டைக்கோவாவுக்குப் போனது. தொரை வேறு பேரைக் கூப்பிட்டபோது நானும் கை தட்டவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று கேளுங்கள். இப்போது நம் லயத்தில் எந்தப் பிள்ளையும் வெறும் ரொட்டி தின்பதில்லை. ஒரு வீட்டில் கீரை இல்லாத அன்று அடுத்த வீட்டிலிருந்து வருகிறது. "அழகர் வீட்டுப் பூசணி ஆரம்பிச்சு வச்சது" என்று பீலிக்கரையில் பேசிக்கொண்டார்கள். தூக்கிய குடத்தை இறக்காமல் நின்று கேட்டேன். பெருமை தாங்கவில்லை எனக்கு.

வெள்ளிக்கிழமை கடைசி பஸ் இங்கே வரும்போது இருட்டத் தொடங்கிவிடும். ஊன்றுகோலோடு மேட்டிலிருந்து எப்படி இறங்குவது என்று யோசிக்காதீர்கள். பெரியாயி ரோட்டுக்கு வந்து உங்கள் கையைப் பிடித்துக் கூட்டி வருவாள். விளக்கு வேண்டாம் என்கிறாள்.

உங்கள்
மாரியாயி