பன்னிரண்டு மணி நேரம் என்று நினைத்தேன்

பாளையங்கோட்டை,
ஜூலை 18.

அன்புள்ள மதுமதிக்கு,

ஆக்லாந்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாக ரிச்சர்ட் போனில் சொன்னான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். உன் அத்தை நேற்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் கேட் வரை நடந்தாள். இடுப்பு வலி குறைந்திருக்கிறது. நீ எழுதி ஒட்டிவிட்டுப் போன மாத்திரை அட்டவணையை என்னைத் தொடவே விடுவதில்லை. இங்கே சாரல் காற்று. ஆற்றில் தண்ணீர் நன்றாக வருகிறது.

இது உனக்கு நான் எழுதும் முதல் கடிதம். போனில் பேசினால் பாதியிலேயே அத்தையிடம் கொடுத்துவிடுவேன்.

ஞானஸ்நானம் வாங்கிப் பெயரை மாற்றினால்தான் இந்த வீட்டுப் படி ஏறலாம் என்று ஆறு வருஷத்துக்கு முன், நீ என் மகனைக் கட்டிக்கொண்டபோது, உன்னிடம் சொன்னவன் நான். அத்தை விழுந்து எலும்பை முறித்துக்கொண்டபோது ரிச்சர்டின் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. நீ மட்டும் வருவதாகச் சொல்லி டிக்கெட்டை அனுப்பினான். ராத்திரி ஒரு மணிக்கு அங்கே புறப்பாடு, மத்தியானம் ஒரு மணிக்கு மதுரை. பன்னிரண்டு மணி நேரம், நாம் ரயிலில் சென்னைக்குப் போவதைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

மதுரையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தாய். சாயங்காலம் சபையார் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபம் செய்யும்போது, நாற்காலியிலேயே தலை தொங்கத் தூங்கிவிட்டாய். பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கே இப்படித் தூக்கமா, ஜெபத்துக்கு இவ்வளவுதான் மரியாதையா என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "மன்னிச்சிருங்க சார்" என்றாய். "ஏன் அந்தப் பிள்ளையப் போட்டு இப்படி முறைக்குதிய?" என்று வலியோடு உன் அத்தைதான் கேட்டாள்.

நீ போன பிறகுதான் ரிச்சர்ட் விளக்கினான். அங்கே கடிகாரம் நமக்கு ஆறரை மணி நேரம் முந்தி ஓடுகிறதாம். பன்னிரண்டு இல்லை, பதினெட்டரை மணி நேரம். பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதற்கப்புறம் காரில் மூன்று மணி நேரம். முப்பத்தைந்து வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்திருக்கிறேன். இந்தத் தப்பைச் செய்த பையனைப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்.

இருபது நாள் அத்தையைக் குளிப்பாட்டினாய், மலஜலம் எடுத்தாய். ஒரு நாளாவது என் கணக்கு தப்பு என்று சொல்லியிருக்கலாமே, அம்மா. அன்று வந்த சபையார் வீடுகளுக்கெல்லாம் போய், தப்பு என்னுடையது என்று நானே சொல்லிவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களைக் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் எழுதுவது என் தாத்தா காலத்து வழக்கம். ரிச்சர்ட் பெயருக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாக இடம் சும்மா கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து எழுதினேன். மதுமதி என்றே எழுதினேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு பேரும் வாருங்கள். வந்ததும் நீ நன்றாகத் தூங்கு. சபையார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்தி வைக்கிறேன். அவ்வளவு தூரத்து வழியிலும் கர்த்தர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமா,
கிருபைராஜ்