ஓலைக்காரன் சொல்லாத ‘முடியாது’

வலியசாலை,
கொல்லம் ஆண்டு 1114 ஐப்பசி, ராத்திரி

என் பிரியமுள்ள நீலாம்பாளுக்கு, சூடாமணி ஆசையோடு எழுதுவது.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. உன் அம்மாவுக்குக்கூட. படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

முடித்துவிட்டேனடி! கொலுவுக்கு வந்தபோது சுண்டல் பாத்திரத்துக்கு அடியில் வைத்துக் கொடுத்தாயே, அந்த நாவலைத்தான். பெயரை எழுதமாட்டேன். இத்தனை நாள் நெல்லுக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன். ஒரு நாள் பார்த்தால் இடம் மாறியிருந்தது. உயிரே போய்விட்டது. எலி இழுத்திருக்கும்.

மூன்று நாளாக நான் தூரம். கொல்லை அறையில் தனியாக இருக்கிறேன். புத்தகம் இப்போது தலையணைக்கு அடியில். என் பாய், தலையணையை யாரும் தொடமாட்டார்கள். இந்த நாட்களில் புத்தகத்தையே தொடக்கூடாது என்பதால் அம்மாவுக்குச் சந்தேகமும் இல்லை. சரஸ்வதியிடம் அப்புறம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

என்ன கதை நீலா! முன்னூறு வருஷத்துக்கு முந்தையது என்று பெயர்தான். குழந்தை ராஜாவைக் காப்பாற்றுகிறேன் என்று அரண்மனையில் பூட்டிவைத்துவிட்டுத் தளபதி தானே ஆள்கிறானே, நாலு பேர் கூடி நிற்கக்கூடாது என்று பறையறைவிக்கிறானே, நம் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் போலீஸ்காரர்தான் ஞாபகம் வந்தார். அவன் பல்லக்கு ஆற்றங்கரையில் போகும்போது பெண்கள் வாயே திறக்காமல், எல்லோரும் ஒரே நேரத்தில் துணியை ஓங்கி ஓங்கிக் கல்லில் அடிக்கிறார்களே, அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன். துணி துவைக்கக்கூடாது என்று எந்தத் தளபதி உத்தரவு போடுவான்?

ஆனால் ஓர் இடத்தில் ஆசிரியர்மேல் எனக்குக் கோபம். தளபதியின் உத்தரவுகளை அழகான கையெழுத்தில் எழுதித் தரும் ஓலைக்காரனைப் புழு என்கிறார். கடைசிவரை அவன் வாயிலிருந்து ஒரு ‘முடியாது’ வரவில்லையாம். அப்பாவும் சர்க்கார் கச்சேரியில் அதே வேலைதானே செய்கிறார்? எந்தெந்தப் புத்தகம் வைத்திருக்கக்கூடாது என்ற உத்தரவையும் அப்பாதான் நகல் எடுத்தார். அன்றைக்குத் தலைவலி என்று சாப்பிடாமலே படுத்துவிட்டார். புழுவுக்குத் தலை வலிக்குமா? ஆனாலும் அப்பாவும் ‘முடியாது’ சொல்லவில்லையே. அதை நினைத்தால் அழுகை வருகிறது.

நேற்று எங்கள் தெருவில் ஒரு வீட்டில் சோதனை போட்டார்கள். புத்தகத்தின் முதல் பக்கத்தில் உன் அண்ணன் தாணுவின் பெயர் இருக்கிறது. அகப்பட்டால் அவருக்கு ஜெயில், அப்பாவுக்கு வேலை போய்விடும். பெயரைச் சுரண்டிப் பார்த்தேன், போகவில்லை. பக்கத்தைக் கிழிக்கலாம் என்றால் பின்பக்கத்தில்தான் கதையே தொடங்குகிறது!

விடிகாலையில் வண்ணாத்தி தாசம்மாள் கொல்லை வழியாக என் துணி மூட்டையை எடுக்க வருவாள். தூரத்துணி மூட்டையை எந்தப் போலீஸும் பிரிக்காது. புத்தகமும் இந்தக் கடிதமும் அதற்குள். கிழக்கேகோட்டையில் உன் மாமா கடையில் சேர்த்துவிடுவாள். பயமில்லையா என்று கேட்டேன். ஊரார் அழுக்கெல்லாம் சுமக்கிறவளுக்கு இது என்ன பாரம் என்று சிரித்தாள்.

தாணு அண்ணனை ஜாக்கிரதையாக இருக்கச் சொல். பத்மநாபசுவாமி உங்கள் எல்லோரையும்

வாசலில் தட்டுகிறார்கள். தாசம்மாள் இல்லை, அவள் வாசல் பக்கம் வரமாட்டாள். அப்பா திறக்கிறார். பூட்ஸ் சத்தம். எல்லா அறையும் பார்க்கவேண்டும் என்கிறார்கள். கொல்லை அறையில் என் பெண் தூரமாக இருக்கிறாள், அங்கே விட முடியாது என்கிறார் அப்பா. முடியாது என்கிறார், நீலா! இன்னொரு தடவையும் சொல்கிறார், உரக்க. எனக்குக் கேட்கவேண்டும் என்றுதான். குதிருக்குப் பின்னால் வந்தது எலியில்லை, நீலா, அப்