வட்டத்துக்குள் குடியிருப்பவன்

லிவர்பூல்,
மார்ச் 3

அன்புள்ள டெஸ்மண்ட்,

போனில் பேசினால் உடனே சண்டை வருகிறது, அதனால் எழுதுகிறேன். வீட்டுத் தோட்டங்களில் அழகுக்கு நிறுத்தும் குள்ளன் பொம்மைகளைத் திருடுகிறவன் எப்படிப்பட்டவன் என்று உங்கள் ஸ்டேஷனிலிருந்து எங்கள் பல்கலைக்கழகத்தைக் கேட்டிருந்தீர்கள். துப்புத் துலங்கிய நூற்றுக்கணக்கான திருட்டுகளோடு ஒப்பிட்டுக் கணினி சொன்னது இது: ஆண், ஐம்பதைத் தாண்டியவன், மனைவியைப் பிரிந்து தனியாக இருப்பவன், சமைக்கத் தெரியாதவன், பிடிவாதக்காரன். பொம்மை காணாமல் போன வீடுகளைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறேன். அதற்குள்தான் குடியிருப்பான். என் சொந்த அபிப்பிராயம் இதில் கடுகளவும் இல்லை.

விவாகரத்துத் தாளில் இன்னும் நீ கையெழுத்துப் போடவில்லை என்கிறார் வக்கீல். இருமல் நின்றதா?

ஹெஸ்டர்

மார்ச் 9

ஹெஸ்டர்,

நன்றாக என் மானத்தை வாங்கினாய்! உன் அறிக்கையை சார்ஜென்ட் பெத்தனி எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தாள். படித்து முடித்ததும் எல்லார் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு அவளே, "சார், கோவிச்சுக்காதீங்க, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்க இருந்தீங்க?" என்றாள்.

உன் வட்டத்துக்கு நட்டநடுவில் நம் வீடு. வேறு வழியில்லாமல் கொல்லைக் கொட்டகையைத் திறந்து காட்டினேன். புல் வெட்டும் மெஷினும், நீ விட்டுப்போன ரப்பர் பூட்ஸும்தான் இருந்தன. "பூட்ஸ ஏன் சார் இப்படித் தொடச்சு வெச்சிருக்கீங்க?" என்கிறாள் கிராதகி. இதற்கெல்லாமா ஒரு இன்ஸ்பெக்டர் பதில் சொல்வது?

சமைக்கத் தெரியாது என்று எந்தக் கணினி சொன்னது? முட்டை அவிப்பேன்.

டெஸ்மண்ட்

மார்ச் 21

ஹெஸ்டர்,

ஆள் அகப்பட்டாயிற்று. அடுத்த தெருவில் அறை எடுத்திருக்கும் கல்லூரிப் பெண். "மழையில நின்னுட்டே இருக்குதுங்க சார், பாவமா இருந்துச்சு" என்று அழுகிறாள். எல்லாப் பொம்மைகளும் கழுத்தில் மஃப்ளரோடு அவள் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பெத்தனி சும்மா இருப்பாளா? உன் துறையில் சொல்லி அதே கணக்கை மறுபடி போடவைத்தாள். இளம் பெண், வாடகை அறை என்று கணினி சரியாகத்தான் சொல்கிறது. அப்படியானால் அந்தத் தனிக்கட்டைக் கிழவன் எங்கிருந்து முளைத்தான்? என்னைத் திருடனாக்கும் அளவுக்கா வெறுப்பு? ஆமாம் என்றால் ஒரு வரி எழுது. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறேன்.

டெஸ்மண்ட்

மார்ச் 24

அன்புள்ள டெஸ்,

வெறுப்பா? கணினி முதலிலேயே இளம் பெண் என்றுதான் சொன்னது. நான் நம்பவில்லை. எண்களில் கை வைக்காதீர்கள் என்று வகுப்பில் தொண்டை கிழியக் கத்துகிறவள், நானே கை வைத்தேன். உன் பேரைக் கெடுக்க இல்லை, சத்தியமாக. யாராக இருக்கும் என்று கண்ணை மூடி யோசித்தால், அந்தத் தெருக்களில் தனியாக நடக்கிற ஒரே ஒரு ஆள்தான் வந்து நின்றான். அது நீ என்று அறிக்கையை அனுப்பிய பிறகும் எனக்கு உறைக்கவில்லை. துறைத் தலைவரிடம் சொன்னேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கையெழுத்துப் போடாதே. போட்டுவிட்டாய் என்றால் தபாலில் சேர்க்காதே, கிழிக்க நானே வருகிறேன்.

உன்,
ஹெஸ்டர்