மாமாவின் ஷவர்மா தட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நடப்பதை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். எனக்கே எதிரான விஷயமானாலும் மறைக்க மாட்டேன். உதாரணமாக, இன்று பள்ளிவிட்டு நேரே வீட்டுக்கு வரவில்லை. மாமா வேலை பார்க்கும் லெபனான் உணவகத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்து வயிறு முட்ட உருளைக்கிழங்கு வறுவல் தின்றேன். வீட்டில் பசிக்கவில்லை என்று சொன்னேன். அம்மா நம்பினாளா? தெரியவில்லை. என் விரல்களை மோந்து பார்த்தாள்.

பெரிய செய்தி: கடையின் ஷவர்மா மாஸ்டர் வேலையை விட்டுச் சொந்த ஊருக்கே போகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருவர் மாமா. இன்னொருவர் அனல் கண்ணில் படாமலிருக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு வேலை செய்பவர்; எல்லாருக்கும் அவர் ‘கூலிங் கிளாஸ்’தான். சொந்தப் பெயர் ஒன்று இருக்கும். யாருக்கும் அது இதுவரை தேவைப்படவில்லை.

மாமா இத்தனை வருஷமாக உள்ளே வெங்காயமும் பார்ஸ்லித் தழையும் நறுக்குகிறார். மாஸ்டருக்கு லீவு என்றால்தான் பெரிய கத்தி கைக்கு வரும். இரவு அம்மாவிடம் சொன்னார்: “இந்தத் தடவையும் கிடைக்கலன்னா நான் வேற ஊருக்கே போயிடறேன்க்கா. ஏதாவது கிடங்குல மூட்டை எண்ற வேலை கிடைக்காமலா போகும்.”

“முதல்ல சாப்பிடு,” என்றாள் அம்மா.

மாமா இல்லாத வீடு எப்படி இருக்கும்? யாரோடு சண்டை போடுவேன்?

மார்ச் 5, வியாழன்

நல்ல ஷவர்மா தட்டு என்றால் என்ன என்று ஆராய முடிவு செய்தேன். மாமாவைக் கேட்டேன். “சாப்பிட்டா தெரியும்,” என்றார். இது பதிலே அல்ல. ஆகவே நானே கவனித்தேன். மாஸ்டர் நேற்றே கிளம்பிவிட்டதால் மாமாவும் கூலிங் கிளாஸும் முறை வைத்துக் கத்தி பிடிக்கிறார்கள்.

நீளக் கம்பியில் குத்திய கோழிக்கறி அடுக்கு, தீக்கு முன்னால் மெதுவாகச் சுற்றுகிறது. வெளிப்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகுதான் கத்தி வைக்க வேண்டும். மெல்லிசாகச் சீவியதும் உள்ளேயிருந்து வெளுத்த கறி எட்டிப் பார்க்கும். அதைத் தொடக்கூடாது. அதுவும் சிவக்கும் வரை நிற்க வேண்டும். வரிசையில் இருப்பவர்கள் முறைப்பார்கள். அப்போதும் நிற்க வேண்டும்.

கூலிங் கிளாஸ் நிற்க மாட்டார். ஆழமாக வெட்டி, வெளுத்ததைக் கல்லில் போட்டுப் புரட்டிக் கொடுத்துவிடுவார். அவர் முறையில் வரிசை ஓடுகிறது. மாமா முறையில் சுவரைப் பார்த்து நிற்கிறது.

ஒருவர் கேட்டார்: “என்னங்க, கோழி இன்னும் முட்டையிலிருந்தே வரலையா?”

“வந்துடுச்சுங்க. கலர் பூசிட்டு இருக்கு,” என்றார் மாமா.

மார்ச் 7, சனி

பூண்டு சாஸ் சாப்பிட்டுவிட்டு டியூஷனுக்குப் போகக்கூடாது. இன்று வேறெதுவும் எழுதுவதற்கில்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஆராய்ச்சி தொடர்கிறது. தட்டில் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். கறி ஒரு பக்கம், பார்ஸ்லி சாலட் ஒரு பக்கம், பீட்ரூட்டோடு ஊறி இளஞ்சிவப்பான டர்னிப் கிழங்கு ஊறுகாய் ஒரு பக்கம். பூண்டு சாஸ் தனிக் கிண்ணத்தில். குப்பூஸ் ரொட்டி நனையவே கூடாது. எதை எதோடு சேர்ப்பது என்பது சாப்பிடுகிறவர் பாடு. ஒவ்வொரு வாயும் வேறு மாதிரி இருக்கும். நான் கறியையும் ஊறுகாயையும் மட்டும் சேர்த்துத் தின்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். இதுவும் உண்மை.

இதற்குள் முதலாளியம்மா மாடிப்படியில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடக்கிறார். லெபனான்காரர். தமிழ் முழுக்க அவருடைய சமையற்கட்டில் கற்றது. அதனால் எல்லாருமே ‘நீ’தான்; திட்டும்போது மட்டும் ஒரு சொல்லும் தடுக்காது. செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டு வீட்டுக்கு அனுப்ப வேண்டுமாம். தின்று பார்த்து முடிவு சொல்வாராம்.

மார்ச் 10, செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்ன சொல் இருக்கிறதே.

கூலிங் கிளாஸ் தன் தட்டைத் தானே பைக்கில் கொண்டுபோனார். மாமாவால் கம்பியை விட்டு நகர முடியவில்லை. தையல் கடை வேலைக்குப் போகும் வழிதான் என்று அம்மா வாங்கிக்கொண்டு போனாள். ராத்திரி போன் வந்தது. மாமாவின் தட்டைப் பற்றி முதலாளியம்மா சொன்னது இவ்வளவுதான்: “இது ஷவர்மா இல்ல. அவிச்ச கறி.”

எப்படி? பள்ளிவிட்டு நேரா போய் நான்தானே கூட நின்னேன்? பலகையில் விழுந்த துண்டை எடுத்துத் தின்னேனே, மொறுமொறுன்னு இருந்துச்சே — அந்தம்மாவுக்கு நாக்கே இல்லையா?

மாமா சாப்பிடவில்லை. பரணிலிருந்து பையை இறக்கினார்.

மார்ச் 11, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

மதியம் பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்தேன். மூடியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா காலையில் மொறுமொறுவென்று வறுத்த உருளைக்கிழங்கு துவண்டு கிடந்தது. அதன் பிறகு பாடம் எதுவும் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், நேற்று எதில் கொண்டுபோனாய் என்று.

“நம்ம எவர்சில்வர் டப்பாவுலதான். தெருவுல திறந்த தட்டோடயா போவாங்க? நாலு பேர் கண்ணு படாது?” கொஞ்சம் யோசித்துவிட்டு, “பாவம், கறி காஞ்ச மாதிரி இருந்துச்சு. அந்த வெள்ளை சாஸை மேல ஊத்தி விட்டேன்,” என்றாள்.

மாமா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அந்தப் பையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று.

முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அவரைப் பிடித்து இழுத்தேன்.

“எங்க அக்கா கெடுத்துட்டான்னு நான் போய் சொல்லணுமா? போடி.”

மார்ச் 12, வியாழன்

அம்மா போனாள். துணைக்கு நான். முதலாளியம்மா கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்திருந்தார்.

அம்மா உட்காரவில்லை. “கறி வெட்டினது அவன். கெடுத்தது நான்.”

மூடி இறுக்கமா என்று கேட்டார் முதலாளியம்மா. ரொம்ப இறுக்கம் என்று அம்மா ஒத்துக்கொண்டாள். அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அடுப்பில் ஏற்ற வேண்டியது யாரை என்று யோசிப்பது போலிருந்தது.

“நாளைக்கு நானே கடைக்கு வர்றேன். பசியோட வர்றேன்.”

வருகிறேன் என்றுதான் சொன்னார். எனக்கென்னவோ மிரட்டியது போல் கேட்டது.

மார்ச் 13, வெள்ளி

பள்ளி அரைநாள். கடைக்கு ஓடினேன். அம்மா எனக்கு முன்பே வந்திருந்தாள்.

மதியக் கூட்டத்துக்கு நடுவில் முதலாளியம்மா ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். கூலிங் கிளாஸ் கண்மூடித் திறப்பதற்குள் தட்டு வைத்தார். முதலாளியம்மா இரண்டு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்தார்.

அடுத்து மாமா. கம்பியில் இருந்ததோ கூலிங் கிளாஸ் அப்போதுதான் வெட்டி முடித்த வெளுத்த கறி. மாமா கத்தியைத் துணியில் துடைத்துக்கொண்டு நின்றார். கம்பி சுற்றியது. ஊன்றுகோல் தரையில் தட்டத் தொடங்கியது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

“போய் கொஞ்சம் வெட்டிக் குடுக்கச் சொல்லுடி,” என்று அம்மா என் முதுகில் குத்தினாள். நான் அசையவில்லை.

“டேய், எனக்குப் பசிக்குது,” என்றார் முதலாளியம்மா.

“தெரியுதுங்க. இன்னும் சிவக்கல.”

அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தேன். ஊன்றுகோல் நின்றுவிட்டது. கடைசியில் மாமா சீவினார். தட்டைத் தானே கொண்டுபோய் வைத்தார்.

முதலாளியம்மா ரொட்டியைக் கிழித்துக் கறியைச் சுற்றிக் கடித்தார். மொறுக்கென்ற சத்தம் எனக்குக் கேட்டது. (உண்மையாக எழுத வேண்டும்: பக்கத்து மேஜை வறுவலாகவும் இருக்கலாம்.) தட்டு காலியானது. கிண்ணத்தில் ஒட்டியிருந்த சாஸையும் கடைசி ரொட்டித் துண்டால் துடைத்துத் தின்றார். ஒன்றும் சொல்லவில்லை. காபி கேட்டார். குடித்தார். போய்விட்டார்.

மாமாவின் பை இன்னும் ஹாலிலேயே இருக்கிறது. நேற்றைவிட அது பெரிதாகத் தெரிகிறது.

மார்ச் 15, ஞாயிறு

ஒரு தகவலும் இல்லை. போன் அடித்தால் மூன்று பேரும் எழுந்து நிற்கிறோம்.

மார்ச் 22, ஞாயிறு

இந்த வாரம் எழுதவே முடியவில்லை. பரீட்சை, அது இது. ஞாயிற்றுக்கிழமைகளில் உணவகத்தை மாலையிலேயே மூடிவிடுவார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு புதுச் செருப்பு வாங்கப் போகலாம் என்று அம்மாவும் நானும் வாசலில் காத்திருந்தோம். நாள் முழுக்க நின்றால் பழைய செருப்பு தாங்காது என்கிறாள்.

கூலிங் கிளாஸ் முதலில் வெளியே வந்தார். கண்ணாடி இல்லாமல் அவரை முதன்முறையாகப் பார்த்தேன், சாதுவான கண்கள். “உங்க தம்பிகிட்ட வேலை பாக்கறது கஷ்டம்க்கா. கத்தியைத் தொட விடாம நிக்க வச்சே கொல்றான்,” என்று அம்மாவிடம் புகார் சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார்.

உள்ளே மாமா பெரிய கத்தியைக் கழுவித் துணியில் சுற்றி வைப்பது கண்ணாடிக் கதவு வழியே தெரிந்தது. கம்பியின் தீயை நிறுத்தினார். சாவிக்கொத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுவரோரமாகப் போனார். முதலில் பெயர்ப்பலகை, அப்புறம் சமையற்கட்டு, கடைசியில் கூடம் என்று விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.