கந்தகமும் சந்திரமதியின் பாதமும்

1934 மார்ச் 6, மூவார்
இன்றும் வீண். நூறு பங்கு ரப்பருக்குப் பத்துப் பங்கு கந்தகம் போட்டு வேகவைத்தேன். ரப்பர் பாதம் விறைத்துப்போய் வந்தது. வளைத்தபோது விரல் பக்கம் வெடித்தது. சந்திரமதி இதைக் கட்டிக்கொண்டு எப்படி நடப்பாள்?

மார்ச் 9
கந்தகத்தை ஒரு பங்காகக் குறைத்தேன். ஒரே பிசுபிசுப்பு. அழுத்தினால் அமுங்கியது, எழவே இல்லை. காலுக்குச் சப்பாத்து செய்கிற பட்டறையில் காலையே செய்கிறாயா என்று முதலாளி தவுக்கே சிரித்தார். “என் மனைவிக்கு” என்றேன். சிரிப்பு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் அடுப்பை நீயே வைத்துக்கொள் என்றார்.

மார்ச் 18
பாம்பு கடித்த புண் அழுகி, தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவள் வலது பாதத்தை எடுத்தார்கள். போன தீபாவளி கழிந்ததும் தன் அண்ணனோடு நாகப்பட்டினம் கப்பல் ஏறிவிட்டாள். “உங்களுக்குப் பாரமா இருக்கமாட்டேன்.” அவ்வளவுதான் சொன்னாள். நான் ஏன் தடுக்கவில்லை? அவள் விட்டுப்போன செருப்புதான் இப்போது எனக்கு அளவு.

ஏப்ரல் 15
மூன்று பங்கு கந்தகம், கொஞ்சம் துத்தநாகத் தூள் — வளைகிறது, விட்டால் நிமிர்கிறது! குதிகால் மட்டும் சீக்கிரம் தேய்ந்தது. அங்கே கரித்தூள் கூட்டினேன். கந்தகம் ரப்பர் இழைகளுக்குள் முடிச்சுப் போடுமாம், சரக்கு கொண்டுவருபவர் சொன்னார். முடிச்சு கூடினால் விறைப்பு, குறைந்தால் தளர்வு.

ஏப்ரல் 22
துணிக்கடை அபூபக்கர் நாகப்பட்டினம் போகிறார். பாதத்துக்குத் தோல் வார் வைத்துத் தைத்து, அவரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஜூன் 3
சந்திரமதிக்கு மூன்றாவது கடிதம் போட்டேன். பதிலே இல்லை.

ஜூலை 9
வந்துவிட்டது.
“பாதம் நல்லா இருக்கு. நடக்கிறேன். மூணு கடுதாசியிலயும் வளையுதா, தேயுதான்னு கேட்டிருக்கீங்க. நான் எப்படி இருக்கேன்னு ஒரு வரி கேட்டீங்களா?”
திரும்பத் திரும்பப் படித்தேன். கேக்கலையே... ஒரு வரி கூடக் கேக்கலையே நான். என்ன மனுஷன்!

ஜூலை 10
பதில் எழுதினேன். பாதத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. “நீ இல்லாம வீட்டுக்குப் போகவே மனசு வரல. அன்னைக்கே போகாதேன்னு சொல்லியிருக்கணும். உடம்பு எப்படி இருக்கு? ராத்திரி தூங்குறியா? வந்துடு, சந்திரா.”
மத்தியானமே தபாலில் போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 26
ஒன்றும் இல்லை. தபால்காரரைத் தெருவில் கண்டாலே இப்போது வேறு பக்கம் பார்க்கிறேன்.

செப்டம்பர் 23
சிங்கப்பூரில் கப்பல் இறங்கிவிட்டதாகச் சந்திரா நேற்றுத் தந்தி அடித்திருந்தாள். சிங்கப்பூர்ப் படகு காலை பத்து மணிக்கு வந்தது. குதிகால் எப்படி அழுந்துகிறது, விரல் பக்கம் எப்படி வளைகிறது என்று அவள் பலகையில் இறங்கும்போதே கவனிக்க நினைத்திருந்தேன். கவனிக்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தேன்.
“இளைச்சிட்டீங்க” என்றாள்.